துரைக்குப் போகாத படம்

மாமாவின் பழைய ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. அந்தப் பக்கம் வரும்போது இந்த வயதிலும் எனக்கு முகம் சுடுகிறது. இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிடுவேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. இலங்கை மலைநாட்டில், நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், அதை நடத்தும் துரைக்குக் கீழே அப்பா பெரிய கிளாக்கர். அம்மாவின் தம்பியான மாமாவுக்குப் பதுளையில் உத்தியோகம். முதல் சம்பளங்களில் ஒரு கமரா வாங்கியிருந்தார். ஞாயிறு தோறும் வந்து பூ, மாடு, எங்கள் பூனை என்று அகப்பட்டதையெல்லாம் பிடிப்பார். பூனை அவரைக் கண்டால் கூரைக்கு ஏறிவிடும். கமராப் பையைத் தூக்கும் பெருமை என்னுடையது.

ஒரு ஞாயிறு மழை விட்டதும் புறப்பட்டோம். தொழிற்சாலை வளைவில் ஒரு குடும்பம் அண்டா, பாய்ச்சுருள், அம்மிக்கல்லோடு நனைந்துபோய் உட்கார்ந்திருந்தது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். கணக்கப்பிள்ளையை எதிர்த்துப் பேசியதற்காக அந்த மனிதரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். வேலை போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறையும் போய்விடும். அவருடைய விலகல் சீட்டை எழுதியது என் அப்பாதான்.

"நல்ல படமொண்டு கிடைக்கும் போல கிடக்கு. எடுக்கலாமோ எண்டு கேட்டுக்கொண்டு வா, பிள்ளை," என்றார் மாமா. கேட்காமல் எடுப்பது மரியாதையில்லையாம்.

போய்க் கேட்டேன். அந்த மனிதர் எழுந்து நின்றார்.

"வேணாங்க பாப்பா. இந்தக் கோலத்துல எதுக்குங்க?"

அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெறுங்கையோடு திரும்ப எனக்கு மனமில்லை. தோட்டத்தில் யாரும் மறுத்துப் பேசாத வார்த்தை ஒன்று உண்டு. அப்பா நாள் முழுக்க அதைத்தான் சொல்வார்.

"துரைதான் எடுத்துக்கொண்டு வரச் சொன்னவர்," என்றேன்.

"தொரை பாப்பாருங்களா?"

"ஓம்."

உடனே அவர் தலைத்துண்டை அவிழ்த்தார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். மனைவி மழைநீரைத் தொட்டுக் குழந்தைகளின் தலையை வாரி, சின்னதின் மூக்கைத் துடைத்தாள். நால்வரும் வரிசையாகக் கைகட்டி நின்றார்கள். நனைந்து உட்கார்ந்திருந்த கோலத்திலேயே எடுக்க நினைத்த மாமாவுக்கு ஏமாற்றம்தான்.

"சம்மதமாமோ?"

"ஓம் மாமா, நல்ல சந்தோசம்."

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும்போதும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். அவர் ஓடி வந்தார்.

"மச்சான் பசறையிலேருந்து லொறியோட வந்து கூப்பிட்டாருங்க பாப்பா. நாந்தான் போகல. தொரை படத்தப் பாத்தாருங்களா? என்னா சொன்னாருங்க?"

படம் கழுவக்கூட இல்லை. இத்தனை ஆவலாகக் கேட்பவரிடம் அதைச் சொல்ல எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"நல்லாயிருக்கெண்டு சொன்னவர்."

அவர் என்னை, ஒரு சிறுமியை, கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மனைவியிடம் திரும்பி, "நான் சொன்னேன்ல? சாமானக் கட்டாத," என்றார். ஒரு படத்துக்கு இவ்வளவு சந்தோஷமா என்று வியந்துகொண்டே நடந்தேன்.

செவ்வாயும் மழையில் இருந்தார்கள். புதன்கிழமை காவற்காரர்கள் அவரை அடித்து, சாமான்களைத் தோட்டத்து எல்லைக்கு அப்பால் எறிந்தார்களாம். அண்டா பள்ளத்தில் உருண்டுபோனதாம். அன்று சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் அலுத்துக்கொண்டார்.

"மரியாதையாப் போயிருக்கலாம். துரை மனம் இரங்கிட்டாரெண்டு ஆரோ அவனுக்குச் சொல்லியிருக்கினம். அதை நம்பி நிண்டு அடி வாங்கினான்."

இப்படியும் பொய் சொல்வார்களா என்று எனக்குக் கோபம் வந்தது. அப்படிச் சொன்னது யாரப்பா என்று கேட்டேன்.