புளி போட்டுக் கழுவிய வீடியோ கேம்

மைசூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். பழைய கையடக்க வீடியோ கேம்களைத் தேடி வாங்கிச் சரிசெய்வது அவனுக்குப் பிரியம். அன்று ஒன்றைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். பேட்டரி கட்டை கசிந்து உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. பித்தளை விளக்கில் பிடிக்கும் களிம்புதானே என்று நினைத்து, புளியும் உப்பும் போட்டு நாரால் தேய்த்து, குழாயில் கழுவி வெயிலில் வைத்தேன்.

சாயங்காலம் மகன் பார்த்தபோது, உள்ளே இருந்த தகட்டின் செம்புக் கோடுகளே உரிந்துபோயிருந்தன. நேராக மருமகள் மேல் பாய்ந்தான்.

"அறிவிருக்காடி? உங்கப்பன் வீட்ல இதான் கத்துக்கொடுத்தாங்களா?" என்று அதை அவள் காலடியில் வீசினான். பயத்தில் எனக்கு வாய் வரவில்லை. நான் கழுவியதைப் பார்த்திருந்த அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மறுநாள் காலை அடுப்படியில், "உங்களுக்கும் சேத்து நானே திட்டு வாங்கணுமா அத்தே?" என்று கேட்டாள். உடனே போய் மகனிடம் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான்.

"நீயாம்மா? போகட்டும் விடு, உனக்கென்ன தெரியும்!"

திட்டியதற்கு வருத்தமாக அவளிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போதெல்லாம் வீட்டில் யார் எதை உடைத்தாலும், வேலையிலிருந்து வந்து அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலுக்குப் போய், "நான்தான்ப்பா" என்று சொல்லிவிடுகிறேன்.