பதினேழாம் நம்பர் டிரம்

அரசாங்கத்தில் அவளுடைய பதவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு: அபாயகரமான கழிவு மேலாண்மை நிபுணர். வீட்டுக்காரர் அதைக் குப்பை டாக்டர் என்று சுருக்கிவிட்டார். மாமியாருக்கு அதுவும் பிடிபடவில்லை. இருபத்திரண்டு வருஷமாக மருமகள் எங்கோ ரோடு கூட்டுகிறாள் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

அவள் பார்ப்பது யாரும் தொடக்கூடாத குப்பை. மூடிப்போன பட்டறைகளில் விட்டுப்போன ஆசிட், செத்த பாட்டரி, பெயரே தெரியாத மஞ்சள் தண்ணீர். எதை எதோடு சேர்க்கக்கூடாது, எதை எதில் அடைக்க வேண்டும், எங்கே அனுப்பி அழிக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவள். தொழில் புத்தி வீட்டிலும் விடாது. கல்யாண மண்டபத்தில்கூடக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். அடுப்படியில் உப்பு, சர்க்கரை, சோப்புத்தூள் என்று எல்லா டப்பாவிலும் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும்.

"என் முதுகுல மட்டும்தான் இன்னும் ஒட்டல," என்பார் வீட்டுக்காரர்.

"நீங்க உள்ளதுலயே ஆபத்து இல்லாத சரக்கு. உங்களுக்கு எதுக்கு?" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை சறுக்கியது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கினால் யானைக்குத்தான் அடிபடும். இவள் சறுக்கினால் ஊருக்கே ஆபத்து.

பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஒரு முலாம் பூசும் தொழிற்சாலை. உள்ளே நாற்பது நீல டிரம், ஒவ்வொன்றும் ஆள் இடுப்புக்கு மேல் உயரம். அத்தனையிலும் சயனைடு கலந்த தண்ணீர். பார்த்தால் சாதாரண அழுக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும், ஒரு வாய் குடித்தால் அவ்வளவுதான். நாற்பத்தொன்றாவதாக ஒரு பெரிய டிரம் வைத்திருந்தார்கள். தரையில் சிந்தியதை மரத்தூள் போட்டு ஒற்றியெடுத்து அதில் பாதிவரைக்கும் கொட்டியிருந்தது. ஆட்கள் அதை யானை டிரம் என்பார்கள். எல்லாவற்றுக்கும் அவளே நம்பர் எழுதி ஒட்டினாள்.

கழிவு போகிற இடமெல்லாம் கூடவே போகிற ஒரு படிவம் உண்டு. கொடுப்பவர், ஏற்றிப்போகிறவர், வாங்குகிறவர் என்று மூன்று கையெழுத்து. டிரம் எல்லாம் லாரியில் ஏறி, கடைசியாக ஒருமுறை எண்ணிப் பார்த்த பிறகுதான் முதல் கையெழுத்து போட வேண்டும். இந்த விதியை எத்தனையோ பேருக்குத் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக் கொடுத்தவள் அவள். ஆனால் அன்று மூன்று மணிக்கு வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் கட்டுப் பிரிக்கிறார்கள். மதியம் இரண்டு ஆகியும் லாரியில் ஒரு டிரம்கூட ஏறவில்லை. "நீ வராட்டி பரவாயில்ல, டாக்டர்தான் பிரிக்கப்போறாரு," என்று அவர் போனில் சொன்னார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு அவளுக்கு நிலைகொள்ளவில்லை. கீழே வரிசையாக நின்ற டிரம்களை எண்ணினாள். நாற்பத்தொன்று. கையெழுத்தைப் போட்டு மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

கட்டைப் பிரித்ததும் அவர் இவளை உற்றுப் பார்த்து, "இவ்வளவு நாள் நான் யாரோட குடும்பம் நடத்துனேன்?" என்று கேட்டார். நர்ஸ் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அழிப்பு நிலையத்துப் பொறுப்பாளர் போன் செய்தார்.

"மேடம், படிவத்துல நாற்பத்தொண்ணு இருக்கு. எண்ணிப் பார்த்தா நாற்பதுதான். பதினேழாம் நம்பரக் காணோம்."

அவள் உடனே பழைய தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பினாள். அங்கே காலித் தரைதான் இருந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டாள், ஏற்றி முடித்த கையோடு மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாராம், போன் அணைந்து கிடந்தது. கடைசியில் டிரைவர் கிடைத்தார்.

"ஏத்துனாங்க, ஓட்டுனேன். வழியில சாப்பிட ஒரு மணி நேரம் நிறுத்துனேன். வேற எங்கயும் நிக்கல."

"எங்க நிறுத்துனீங்க?"

"பழைய டிரம் விக்கிற சந்து இருக்கே, அது முனையில."

அதற்கு மேல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்தச் சந்தில் பழைய டிரம்மை வாங்கிக் கழுவி விற்பார்கள். சுற்றியிருக்கிற வீடுகளில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். எவனாவது இறக்கி, உள்ளே இருந்ததைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு விற்றிருந்தால் அது இந்நேரம் யாரோ ஒருவர் வீட்டில் குடிதண்ணீர் டிரம்மாக இருக்கும். அவள் ஜீப்பில் ஏறினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் கண்ணுக்கு நீலமெல்லாம் பதினேழு. வாசலுக்கு வாசல் ஒரு நீல டிரம் நின்றது.

டிரம் கடைக்காரர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு நிதானமாக யோசித்தார். "காலையில ஒண்ணுதான் போச்சு மேடம். பின் தெரு, அயர்ன் பண்ற அக்கா எடுத்துட்டுப் போனாங்க."

"உங்களுக்கு அது எங்கேர்ந்து வந்துச்சு?"

"வர்றவன் போறவன் கொண்டாந்து போடுறான். யாருன்னு கேட்டா வியாபாரம் நடக்குமா?"

அயர்ன் அக்கா வீட்டு வாசலில் டிரம் கழுத்து வரைக்கும் நிரம்பியிருந்தது. அந்த அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரவும், குப்பை டாக்டர் டிரம் மூடியைப் படாரென்று போட்டு அதன்மேல் ஏறி உட்காரவும் சரியாக இருந்தது. ஐம்பது வயது, அரசாங்க அடையாள அட்டை கழுத்தில் தொங்க, கால் தரையில் எட்டாமல்.

"யாருங்க நீங்க? எந்திரிங்க, உலை வைக்கணும்."

"இந்தத் தண்ணிய யாராச்சும் குடிச்சீங்களா?"

"இன்னும் இல்ல. இப்பத்தான் ரொப்பினேன். ஏன்?"

அவளுக்குப் பாதி உயிர் வந்தது. பையிலிருந்த சோதனைத் தாளை, டிரம் விளிம்பில் வழிந்திருந்த தண்ணீரில் நனைத்துப் பார்த்தாள். சாதாரணத் தண்ணீர் என்றுதான் காட்டியது. ஆனால் அந்தத் தாளுக்கு ஆசிடும் காரமும்தான் தெரியும், எல்லா விஷமும் தெரியாது. அதனால் எழுந்திருக்காமல் உட்கார்ந்தபடியே விஷயத்தைச் சொன்னாள். லாரியில் ஒரு டிரம் குறைகிறது, அதில் விஷம் இருந்தது, இது அதுவாக இருக்கலாம் என்றாள். யார் தப்பு என்று அந்த அக்கா கேட்டபோது, "என்னோடதுதான்," என்றாள். அப்படிச் சொல்லும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அயர்ன் அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினாள். "உங்க டிரம் நிறைய தண்ணி இருந்துச்சா?"

"கழுத்து வரைக்கும்."

"இத நான் காலியா ஒத்தக் கையில உருட்டிட்டு வந்தேன். இப்ப நகத்துங்க பாப்போம். நாலு ஆம்பள வந்தாலும் அசையாது. முழு டிரம்ம லாரியில இருந்து எறக்க எவனால முடியும்? தண்ணியக் கொட்டிட்டு எறக்கியிருந்தா, லாரி நின்ன எடம் சும்மாவா இருக்கும்?"

அவள் வந்த வழியை நினைத்துப் பார்த்தாள். டிரைவர் நிறுத்திய முனையைத் தாண்டித்தான் வந்திருந்தாள். சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஓடிய தடமோ கறையோ இல்லை, பழைய தூசியின்மேல் ஒரு பூனை படுத்துக் கிடந்தது. இருநூறு கிலோ காற்றில் கரையாது. லாரியை விட்டு இறங்கவில்லை என்றால் அது லாரியில்தான் போயிருக்க வேண்டும்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே அழிப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். "ஒவ்வொரு டிரம்மா எடை போடுங்க. யானை டிரம்லேர்ந்து ஆரம்பிங்க. அதுல வெறும் மரத்தூள்தான், அறுபது கிலோ தாண்டக்கூடாது."

இருபது நிமிஷம் ஆயிற்று. அயர்ன் அக்கா உள்ளே போய் நாலு துணியைத் தேய்த்துவிட்டு இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தாள். கடைசியில் போன் அடித்தது.

"மேடம், இருநூத்தி எழுபது காட்டுது. கவசம் போட்டுத் திறந்து பார்த்தோம். உள்ள இன்னொரு டிரம் நிக்குது. சுத்தி மரத்தூள். நம்பர் பதினேழு."

அவள் போனை மடியில் வைத்தாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள்.

அடுத்த ஐந்தாவது நிமிஷம் மேஸ்திரியே கூப்பிட்டார். போனுக்கு இப்போதுதான் சார்ஜ் ஏறியதாம்.

"பதினேழு அடியில ஒழுகுச்சு மேடம். நீங்கதானே சொல்லுவீங்க, ஒழுகுனா முதல்ல அடக்கு, அப்புறம் பேசுன்னு. கிரேன்ல தூக்கி யானைக்குள்ள எறக்கி அடக்கிட்டேன். பேசுறதுக்குத்தான் நீங்க இல்ல."

"எங்கயாவது எழுதி வச்சிருக்கக்கூடாதா அண்ணே?"

"எழுதலாம்னு படிவத்த எடுத்தேன். நீங்க ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தீங்க. அதுல நான் எப்படி மேடம் கை வைக்கிறது?"

மேஸ்திரி செய்தது அத்தனையும் அவள் சொல்லிக்கொடுத்தபடிதான். "நீங்க செஞ்சது சரிதாண்ணே. நடந்தத நடந்தபடியே எழுதி மேல அனுப்பிடறேன்," என்றாள். நாளை மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதை நினைத்தால்கூட இப்போது சிரிப்புதான் வந்தது.

டிரம்மிலிருந்து இறங்கிச் சேலையைச் சரிசெய்தபோதுதான் பக்கவாட்டில் பார்த்தாள். கிளாசும் முள்கரண்டியும் பொறித்த முத்திரை. உணவுப் பொருளுக்கென்றே செய்த டிரம். பழச்சாறு கம்பெனியின் சீட்டு பாதி கிழிந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் சீட்டு ஒட்டுகிறவள், தன் காலுக்குக் கீழே இருந்த சீட்டைப் படிக்கவில்லை.

"அக்கா, எங்க டிரம் கிடைச்சிடுச்சு. உங்களுது பழச்சாறு வந்த டிரம், நல்ல டிரம். தாராளமா குடிக்கலாம்."

அயர்ன் அக்கா நகரவில்லை. வாசலில் சாய்ந்துகொண்டு இவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அரை மணி நேரத்துக்கு முன்னாடி விஷம்னீங்க. இப்ப குடிக்கலாம்ங்கறீங்க. ரெண்டையும் நீங்கதான் சொல்றீங்க. வீட்டுல எனக்கு ரெண்டு பிள்ளைங்க." டம்ளரை எடுத்து, டிரம்மில் முக்கி, நீட்டினாள். "முதல்ல நீங்க குடிங்க."

நேற்று அந்தப் படிவத்தில் போட்ட கையெழுத்தைவிட இது பெரிய கையெழுத்து என்று அவளுக்குத் தோன்றியது. இந்த முறை அவசரப்படவில்லை. தண்ணீரை முகர்ந்தாள், முத்திரையை இன்னொரு தரம் விரலால் தடவிப் பார்த்தாள், பிறகு டம்ளரை வாயில் வைத்து நிறுத்தாமல் குடித்தாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட அவள் குடிக்கவில்லை.

அயர்ன் அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து குடத்தை எடுத்தாள்.

"இன்னொரு டம்ளர் குடுங்கக்கா," என்றாள் குப்பை டாக்டர்.