அத்தையின் பெயரில் ஒரு கட்டில்

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் படிக்கும்படி எழுத எனக்கென்ன இருக்கிறது என்று பல தடவை தாளை எடுத்து, வெறுமனே மடித்து வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது என் அத்தையைப் பற்றியது. வேறு யாரும் எழுதப்போவதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் றக்வானைக்கு மேலே இருந்தது. இரத்தினபுரிக்குப் போகிற வழியில், ஆற்றோரமாக ஒரு தர்ம ஆஸ்பத்திரி. சுற்றுவட்டாரத்துத் துரைமார் கொடுக்கும் சந்தாவில்தான் அது நடந்தது. சந்தா கட்டிய துரைக்கு வருஷத்துக்கு நாலு சீட்டு கொடுப்பார்கள். சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் கட்டில். நாலும் தீர்ந்துவிட்டால், அடுத்த தை வரைக்கும் தோட்டத்தில் யாரும் பெரிய நோயில் விழாமல் இருக்கவேண்டும்.

அந்த வருஷத்துக் கடைசிச் சீட்டு, எங்களோடு இருந்த அப்பாவின் தங்கைக்குக் கிடைத்தது. அத்தைக்கு வயிற்றில் ஏதோ கட்டி. வேலைவிட்டு வந்ததும் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து வயிற்றில் ஒற்றிக்கொள்வாள். குளிருக்கு என்று நான் நினைத்திருந்தேன். அவள் புறப்பட இருந்த சமயத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் அம்மாவுக்கு எங்களையே அடையாளம் தெரியவில்லை.

அத்தை சீட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

“அண்ணியக் கூட்டிட்டுப் போங்கண்ணே. இத்தன நாளு தாங்குனவ, இன்னுங் கொஞ்சம் தாங்க மாட்டேனா?”

அப்பா சீட்டை வாங்கிக்கொண்டார். அத்தை அம்மாவின் காதருகே குனிந்து, “எம் பேரப் பத்திரமா வச்சுக்கங்க அண்ணி. போன எடத்துல தொலைச்சுட்டு வந்துறாதீங்க” என்றாள்.

அம்மா அத்தையின் பெயரோடு வண்டியில் போனாள். அத்தை, காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில் அம்மாவின் பெயருக்குப் பதில் சொல்லி மலைக்குப் போனாள். அந்தப் பெயரை வாசிக்கும்போது மட்டும் கங்காணி எதிரே உள்ள மரத்தைப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிப்போனார். வழியெல்லாம் பனி. மாட்டின் கொம்புகள் மட்டும் முன்னால் மிதந்துகொண்டிருந்தன. வண்டி நகரவில்லை, மரங்கள்தாம் ஒவ்வொன்றாக வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகின்றன என்று தோன்றியது.

“அங்க போயி அம்மான்னு கூப்பிட்டா வெளிய அனுப்பிடுவாங்க. அத்தைன்னுதான் சொல்லணும்” என்றார் அப்பா. நான் அத்தை, அத்தை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல, அம்மா நிஜமாகவே வேறு யாரோ ஆகிவிடுவாள் போலப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பலகை. அதில் சந்தா கட்டிய துரைமாரின் பெயர்கள். எங்கள் துரையின் பெயரை அப்பா காட்டினார். அவர் ஒருநாளும் அங்கே படுத்ததில்லை. படுத்திருந்தவர்களின் பெயர்கள் தலைமாட்டில் சின்ன அட்டைகளில் இருந்தன. அம்மாவின் தலைமாட்டில் அத்தையின் பெயர்.

அம்மாவின் தலைமயிரை வெட்டியிருந்தார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைச் சுவர், வெள்ளை விரிப்பு, ஜன்னலில் வெள்ளைப் பனி. ஆற்றின் சத்தம் கட்டிலுக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. கட்டில் ஓரத்தில் தலைசாய்த்தவள் தூங்கிப்போனேன். அம்மா தண்ணீர்மேல் நடந்து போகிறாள், திரும்பிப் பார்க்கவில்லை. நான் கூப்பிட்டேன். என் குரலிலேயே விழித்துக்கொண்டேன். எதிரே அந்த வார்டின் நர்ஸ் மிஸ்ஸியம்மா நின்றிருந்தாள். சிங்களத்தி.

“பாப்பா யார அம்மா சொல்றது?”

அப்பா எழுந்து நின்றார்.

“அத்தைய” என்றேன் நான்.

மிஸ்ஸியம்மா அட்டையைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை. எனக்கும் அம்மாவுக்கும் ஒரே மூக்கு.

“ஹரி, ஹரி, சரிதான். நம்ம ஊர்லயும் நல்ல நெண்டாவ, அத்தைய, அம்மா சொல்றதுதான்” என்று போர்வையை இழுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவளை ஏமாற்றிவிட்டேன் என்ற பெருமை வீடு வரைக்கும் எனக்கு இருந்தது.

அம்மா பிழைத்தாள். இரண்டு வாரத்தில் ஒரு கடுதாசியோடு வந்து இறங்கினாள். தோட்டத்தில் மருந்து கொடுத்து, சீட்டில் பெயர் எழுதுகிற டிஸ்பென்சர் அதை வாசித்துச் சொன்னார். அத்தையின் பெயரைப் போட்டு, வைத்தியம் முடிந்து பூரண குணமாகிவிட்டதாக எழுதியிருந்தது.

“ஆஸ்பத்திரிப் புத்தகத்துல இந்தப் பேருக்குக் குணமாயிருச்சேப்பா. தை வந்தாலும் அதே பேருக்கு நான் எப்படி மறுபடி சீட்டு எழுதுறது?” என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

அன்று சாயங்காலம் அத்தை அடுப்படியில் உப்பு வறுத்துக்கொண்டிருந்தாள்.

“பேரு பத்திரமா வந்துருச்சா அண்ணி?”

அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் தலையசைத்தாள்.

நான்தான் கேட்டேன். “உங்களுக்கு நல்லாயிருச்சுன்னு கடுதாசியில எழுதியிருக்கே அத்தை. இன்னும் எதுக்கு ஒத்தடம்?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை சிரித்தாள்.

“அட ஆமாடி. எனக்கே தெரியாமப் போச்சு பாரு” என்று உப்பு முடிச்சைத் தூக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். இதமான சூடு. குணமானவளுக்கு அது எதற்கு என்று நான் அதை வாங்கிக்கொண்டு விளையாடப் போனேன்.

மறுநாள் பெரட்டில் அத்தையின் பெயரைக் கூப்பிட்டார்கள். பதில் சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு அத்தை கொழுந்தெடுக்கப் போனாள்.