பீச்சிக் கொட்டிய சீம்பால்

அது எழுபதுகளின் தொடக்கம். நான் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. வல்லக்கோட்டை கோயிலுக்குப் போய்வந்த கணவர், சோறு குழைந்துவிட்டதென்று என் வயிற்றில் உதைத்தார். மறுநாளே மகள் பிறந்தாள். மார்பில் சீம்பால் மஞ்சளாகச் சுரந்தது.

"அது கெட்ட பாலுடி, பீச்சிக் கொட்டு" என்றாள் மாமியார். குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரில் துணியை நனைத்துத்தான் கொடுத்தார்கள். மறைவாக நான் பால் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, கணவர் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு என்னை அறைந்தார்.

அன்று மாலை எங்கள் வீட்டுப் பசு கன்று போட்டது. கன்றை அவரே பசுவின் மடியில் சேர்த்துப் பிடித்தார். "சீம்பாலு குட்ச்சாத்தான் கன்னு தேறும்" என்றார்.

நான்காம் நாள் மகளை என்னிடம் தந்தார்கள். சப்ப அவளுக்குத் தெம்பில்லை. சாயங்காலம் இறந்தாள்.

"இவ இன்னா பொம்பள? மாருல பாலே இல்ல" என்று துக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னார் கணவர். பால் கட்டி நெறிகட்டிய வலியில், நான் உள்ளே பாலைப் பீச்சிக் கொட்டிக்கொண்டிருந்தேன்.