இஸ்திரி போட்ட சரிவு

அலுவலகத்தில் அவளுக்குத் 'துருவி' என்று பேர். எதைக் கொடுத்தாலும் துருவித் துருவிக் கேட்பாள். பதினாறு வருஷமாக நிலத்தின் மேடுபள்ளங்களைக் கம்ப்யூட்டரில் வரைகிற வேலை. சர்வேயர் அளந்து தரும் புள்ளிகளைக் கோர்த்து உயரக் கோடுகள் போட மூன்று நாள் பிடிக்கும்.

மேனேஜர் ஒரு ப்ளக்-இன் வாங்கினார். வரைகிற மென்பொருளோடு ஒட்டி ஓடும் சின்ன நிரல். புள்ளிகளைக் கொடுத்ததும் ஒரு நிமிஷத்தில் முழு நிலமும் திரையில் எழுந்து நின்றது.

முதல் வேலை, சரிவில் வரப்போகும் ஒரு பள்ளிக்கூடம். கிழக்குச் சரிவு மட்டும் இஸ்திரி போட்ட துணிபோல வழவழவென்று இருந்தது.

"சார், இது பொய் சொல்லுது."

"வேலை போயிடும்னு பயமாம்மா?" என்று சிரித்தார் மேனேஜர்.

அந்தச் சிரிப்பு சுட்டது. பழைய முறையில் தானே வரைந்து பார்த்தாள். மூன்றாம் நாள் அதே வழவழப்பு. ப்ளக்-இன்மேல் தப்பில்லை. அப்படியானால் புள்ளிகள்?

பட்டியலைத் திறந்தாள். கிழக்கில் ஐந்து மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒவ்வொன்றும் அச்சடித்தாற்போல் இருபது சென்டிமீட்டர் இறக்கம். நிலத்தின் போட்டோவில் முட்புதர் மண்டித் தெரிந்த இடத்தில் யாரால் அப்படி அளக்க முடியும்? அளந்தவர் அவளுடைய அக்கா புருஷன். அவளே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவர்.

மாடிப்படியில் மடக்கினாள். "மாமா, கிழக்குப் பக்கம் இறங்கினீங்களா?"

"இறங்காம எப்படி அளக்கறது?"

"முள்ளு கிழிக்கலையா?"

"அதெல்லாம் பழகிடுச்சு." பதில் வந்தது, பார்வை அவள் பக்கம் வரவில்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, அரிவாளோடு தனியே போனாள். புதரை வெட்டிப் பத்தடி நுழைந்ததும் கால் சறுக்கியது. மழைத்தண்ணீர் அரித்த ஆளுயரப் பள்ளம். வகுப்பறைச் சுவர் வரவேண்டிய இடம்.

நேரே மாமாவிடம் வந்தாள். "நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"சொந்தக்காரன் பின்னாடியே துப்பறியறியா?"

"அங்க பிள்ளைங்க உக்காரப் போகுதுங்க, மாமா."

மாமா எழுந்துபோய் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினார். வேலை போகவில்லை. நான்கு நாள் நின்று மறுபடி அளந்தார். வகுப்பறைகள் மேற்கே நகர்ந்தன.

அக்கா இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு அவளே போன் செய்தாள். "அவரு பால் வாங்கிட்டு வந்தாக்கூட, 'அப்பா, நிஜமாவே கடைக்குப் போனீங்களா'ன்னு பசங்க கேக்குதுங்க. நீ வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போடி."

ஞாயிற்றுக்கிழமை போனாள். கதவைத் திறந்தது மாமாதான். "வா" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.