கமருனின் இடது கை

ரம்ஜான் பீயின் வீட்டுக் கதவை நல்ல சேதியோடு யாரும் தட்டியதில்லை. ஒலிமுகமதுபேட்டையில் ஒரு பெண் கண்ணை மூடினால் ஆண்கள் பள்ளிவாசலுக்கு ஓடுவார்கள், பெண்கள் ரம்ஜான் பீயைத் தேடி ஓடுவார்கள். மைய்யத்தான உடலைக் குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி, சொந்தக்காரர்கள் கடைசியாக முகம் பார்க்கத் தயார்செய்து கொடுப்பவள் அவள்தான். மாமியார் செய்துகொண்டிருந்தாள், அவளுக்குப் பிறகு இவள். இதற்குக் கூலி கிடையாது, மறுக்கவும் முடியாது.

இதில் அவளுக்கு ஒரே ஒரு சங்கடம். நோயாளிகளை அவள் போய்ப் பார்க்க முடியாது. டைபாய்டில் கிடந்த ஒருத்திக்கு ஒருமுறை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனாள். வாசலில் இவள் தலையைப் பார்த்ததுமே அந்தப் பெண்ணுக்கு நாக்கு வறண்டுவிட்டது. அதோடு சரி. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் வீட்டிலிருந்தே அல்லாவிடம் துஆ கேட்டுக்கொள்வாள்.

கமருனுக்கு மட்டும் அந்தப் பயம் கிடையாது. இருவரும் ஒரே வருஷம் இந்தப் பேட்டைக்கு மருமகள்களாக வந்தவர்கள். தறிக்காரர்களுக்குப் பட்டுநூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டு எதிரெதிரே ராட்டையோடு உட்கார்ந்து வாழ்க்கையில் பாதியைப் பேசியே தீர்த்தவர்கள். நடுவில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவார்கள், பேச்சு மட்டும் அறுந்ததே இல்லை. பிறகு கமருனுக்குச் சர்க்கரை வந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடது தோள் முறிந்தது. கட்டுப் போட்டும் சரியாகச் சேரவில்லை, கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ரம்ஜான் பீ சீப்பும் எண்ணெயுமாகப் போய் அவளுக்குத் தலை வாரி, துணி மாற்றிவிடுவாள்.

"அளவெடுக்க வந்துட்டியா?" என்பாள் கமருன்.

"உன் அகலத்துக்குத் துணி கடையிலயே இல்லடி. தனியா நெய்யச் சொல்லணும்."

துணி மாற்றுவதில் ஒரு முறை இருந்தது. கழற்றும்போது இடது கையைக் கடைசியில் விடவேண்டும், போடும்போது அதை முதலில் நுழைக்கவேண்டும். முழங்கையைத் தாங்கிக்கொண்டு, அவள் மூச்சு விடும்போது மெல்லத் தூக்கவேண்டும். மாற்றிச் செய்தால் கமருன் கத்துகிற கத்தல் தெருக்கோடிக்குக் கேட்கும்.

"நான் போனா நீதான்டி என்னைக் குளிப்பாட்டணும்," என்றாள் ஒருநாள். "வேற யாராவது வந்தா கையை முறுக்கிடுவாங்க."

"செத்தப்புறம் வலி ஏதுடி?"

"நீ செத்துப் பாத்துக்கினு வந்தியா?"

செத்தபிறகும் வலிக்கும் என்றுதான் உள்ளூர ரம்ஜான் பீயும் நம்பினாள். இல்லையென்றால் இலந்தை இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை, பச்சைக் குழந்தைக்குப் பார்ப்பதுபோல் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துத்தானே மைய்யத்துக்கு ஊற்றுகிறாள்? "என் கையாலதான். போதுமா?" என்று சொல்லிவிட்டாள்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் அவளுக்கு வேலை இல்லாமல் போனது. மைய்யத்துகள் ஆஸ்பத்திரியிலிருந்து பிளாஸ்டிக்கில் சுற்றி வந்தன, அப்படியே கபர்ஸ்தானுக்குப் போயின. குளிக்காமல் போகிறார்களே என்று அந்த வருஷம் முழுக்க மனசு பொறுக்காமல் கிடந்தாள். உருதுப் பள்ளிக்கூடத்தில் ஊசி முகாம் போட்டபோது பேட்டைப் பெண்களில் முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டியது அதனால்தான். இரண்டாவது ஊசியையும் தவறாமல் போட்டுக்கொண்டாள்.

அப்படியும் வந்தது. அடுத்த தை மாதம் ஊரே பொங்கல் கரும்பு வாங்கிக்கொண்டிருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பரிசோதனையில் கொரோனா என்றார்கள். மூச்சு நன்றாக இருக்கிறது, ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே தனியாக இருங்கள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அவள் கணவன் ஹயாத் பாஷாவுக்கு ஒன்றும் இல்லை. மெத்தை தைக்கும் தன் கடையிலேயே படுத்துக்கொண்டு, வேளைக்கு டீயும் சாப்பாடும் கொண்டுவந்து கேட்டில் வைத்துவிட்டுப் போனான். காய்ச்சல் சீக்கிரமே விட்டது. இருமலும், கைகால் அசதியும்தான் பாக்கி.

கமருன் போனில் கிண்டலடித்தாள். "ரெண்டு ஊசி போட்டும் வந்துட்சே. போய்த் திருப்பிக் கேளு."

"ஊசி போட்டதாலதான் உன்கிட்ட வாயாடிக்கினு இருக்கேன்."

"வெள்ளிக்கிழமை நீ வரலையா, தலையெல்லாம் சிக்கு புடிச்சுக்கினு கெடக்குது. அடுத்த வாரமாவது வந்துடு."

அந்த அடுத்த வாரம் கமருனுக்கு வரவே இல்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில், டீ குடித்துக்கொண்டிருந்தபோதே கமருனின் நெஞ்சு நின்றுவிட்டது. மகள் ரூக்ஷார்தான் போன் செய்தாள். தாயின் சிநேகிதியைச் சிறுவயதிலிருந்தே 'காலா' என்று சின்னம்மா முறை சொல்லி அழைப்பவள்.

"காலா, அம்மி போய்ட்டாங்க. நீங்க வந்துடுங்க காலா. மாஸ்க், கவசம் எல்லாம் வாங்கியாறச் சொல்லிட்டேன். அம்மி உங்களைத்தானே கேட்டாங்க?"

"வர்றேம்மா," என்றாள் ரம்ஜான் பீ.

கையுறையும் பஞ்சும் வைத்திருக்கும் பையை எடுத்துக்கொண்டு, புர்காவை மாட்டிக்கொண்டு கேட்டுவரை வந்துவிட்டாள். டீத்தூக்கோடு வெளியே நின்றிருந்த ஹயாத் பாஷாவுக்கும் சேதி தெரிந்திருந்தது. தடுப்பான் என்று நினைத்தாள். அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

"போறதுன்னா போ," என்றான். "நான் ஒண்ணும் சொல்லல."

அவன் தடுத்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டாவது போயிருப்பாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். அதற்குள் இருமல் வந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை இருமினாள். கமருன் வீட்டுப் பின்கட்டு அவள் கண்முன் வந்தது. நாலு பேர் நின்றால் தோள் இடிக்கும் இடம். துக்கத்துக்கு வந்து நிற்கும், இரவெல்லாம் சளியில் இழுக்கும் ரூக்ஷாரின் மாமியார். பால் மறக்காத ரூக்ஷாரின் குழந்தை. இந்த இருமலை அங்கே கொண்டுபோய் வைத்தால் அடுத்து யாரைக் குளிப்பாட்ட வேண்டிவருமோ? தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

ரூக்ஷாருக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி செய்தாள். துக்க வீட்டில் யார் போனை எடுப்பார்கள்? கடைசியில் கணவனைப் பார்த்துச் சொன்னாள். "நான் வரலைன்னு சொல்லிடு. அதோட, இடது கை. மெதுவா, முழங்கையைத் தாங்கிக்கினு தூக்கணும். முறுக்கக் கூடாதுன்னு சொல்லு. மறந்துடாத."

அவன் டீத்தூக்கை அப்படியே வைத்துவிட்டு ஓடினான். திரும்பி வந்தபோது முகம் தொங்கியிருந்தது. "நீ வரலைன்னு வாசல்லயே சொல்லிட்டேன். அதுக்குள்ள குளிப்பாட்டப் படுதா கட்டிட்டாங்க. கை விஷயத்தை உள்ள சொல்லச் சொன்னேன். சொன்னாங்களோ இல்லையோ, தெரியல."

பேட்டைப் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. தோள் கொடுப்பதும் மண் போடுவதும் ஆண்களுக்கு. பெண்களுக்கு வாய்ப்பது அந்தக் குளியல் ஒன்றுதான். ஊரில் அத்தனை பேருக்கும் அதைச் செய்துகொடுத்தவள், தன் கமருனுக்குச் செய்யாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கலிமா சத்தம் தெருமுனையில் கேட்டது. பச்சைத் துணி போர்த்திய சந்தூக் பெட்டி தோள்களின்மேல் கடந்து போனது. முகம்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் போனபிறகு பையிலிருந்த பஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு உடம்பு தேறியது, மனசு தேறவில்லை. டீயைக் கையில் எடுத்தால் ஒரே நினைப்புதான். யார் தூக்கினார்கள்? எந்தப் பக்கம் மடக்கினார்கள்? அவசரத்தில் இழுத்தார்களா? உடல் விறைத்தபின் அந்தத் தோள் எப்படி இருந்திருக்கும் என்று பேட்டையில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

மூன்றாம் நாள் ஜியாரத் பாத்திஹா ஓதி முடிந்து, சாப்பாட்டு டப்பாவோடு ரூக்ஷாரே வந்தாள். கேட்டுக்கு வெளியே, இடுப்பில் குழந்தையோடு எட்டி நின்றாள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் வீங்கியிருந்தன.

"நான் வராம போய்ட்டேன்மா," என்றாள் ரம்ஜான் பீ.

"தெரியும் காலா. இவனுக்காகத்தான் வரலைன்னு தெரியும். நானும் எங்க மாமியாரும்தான் குளிப்பாட்டினோம்."

"கை?"

ரூக்ஷார் குழந்தையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். தெருவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்.

"சுலபமா வந்துட்சு காலா. வலியே இல்ல. தூங்குற மாதிரி இருந்தாங்க. ஒரு கீறல்கூட இல்ல."

ரம்ஜான் பீக்கு இந்த வார்த்தைகள் தெரியும். எல்லா வீட்டிலும் படுதாவை விலக்கிக்கொண்டு வெளியே வரும்போது அவள் சொல்பவை. கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது குளிப்பாட்டுகிறவர்களின் கட்டுப்பாடு. சில வருஷங்களுக்கு முன் கமருனின் சின்ன மகள் பர்வீன் ஐயம்பேட்டை ரோட்டில் பைக்கிலிருந்து லாரிக்கு அடியில் விழுந்தபோதும் கமருனிடம் இதையேதான் சொன்னாள். துணிக்கு அடியில் அந்தப் பெண்ணின் உடம்பு இருந்த நிலையைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ரம்ஜான் பீ. இன்னொருத்தி, அன்றைக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிய இதே ரூக்ஷார். தூங்குகிற மாதிரி இருக்கிறாள், ஒரு கீறல்கூட இல்லை என்று ரம்ஜான் பீ வெளியே வந்து சொன்னபோது கமருன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்தே இல்ல, அது போதும்," என்றாள். நம்பிவிட்டாள் என்றுதான் ரம்ஜான் பீ இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

ரூக்ஷார் பதிலுக்குக் காத்திருந்தாள். மாஸ்க்கின் விளிம்பு நனைந்துகொண்டிருந்தது. அவளை இன்னொரு கேள்வி கேட்க ரம்ஜான் பீக்கு மனம் வரவில்லை.

"நீ பக்கத்துல இருந்தே இல்ல," என்றாள். "அது போதும்மா."

சொல்லி முடித்தபிறகுதான் தெரிந்தது. கமருனும் அன்றைக்கு நம்பவில்லை.