இடது பக்கத்து ஸ்பீக்கர்

திருத்தணி ரயில் நிலையத்துக்கு மேற்கே எட்டு விசைத்தறி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார் ராஜவேலு. அந்தத் தெருவில் தன்னைப்போல் சங்கீத ஞானம் உள்ளவர் வேறு யாரும் இல்லை என்பது அவருடைய தீர்மானம். இது அவருக்கு எப்போது தோன்றியது என்று அவர் மனைவி வசந்தியைக் கேட்டால் உடனே பதில் சொல்வாள். எதிர்வீட்டுப் பங்காளி சிங்கப்பூரிலிருந்து ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாரே, அன்றைக்குத்தான்.

அதுவரை அவருக்குத் தெரிந்த சங்கீதமெல்லாம் தறிச் சத்தம்தான். அம்மையார்குப்பத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே மாமன் தறிக்கொட்டகையில் மோட்டார் பக்கத்தில் நின்று பழகியவர். பிறகு திருத்தணிக்கு வந்து சொந்தமாகத் தறி போட்டார். ஊரில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. யாராவது கூப்பிட்டால் சட்டென்று திரும்பமாட்டார். இரண்டு தடவை கூப்பிட வேண்டும். "முதலியார் எப்பவும் ஏதோ யோசனையிலயே இருக்கிறாருப்பா" என்று பேசிக்கொள்வார்கள். அந்தப் பெயர் அவருக்கும் பிடித்திருந்தது.

டூ-இன்-ஒன் வந்த அன்று ராஜவேலு தன் மைத்துனன் நாகேந்திரனைப் பிடித்தார். அவன் மெட்ராஸில் வேலை பார்ப்பவன். ஆகையால் உலகம் தெரிந்தவன்.

"ஏம்ப்பா, இந்த டூ-இன்-ஒன்னுக்கு மேல இன்னா இருக்குது?"

"ஸ்டீரியோ பாவா. ரெண்டு பக்கமும் தனித்தனியா பாடும். எடது பக்கம் பிடில் வாசிச்சா வலது பக்கம் மிருதங்கம். கச்சேரி நம்ம மடியிலயே நடக்கிற மாதிரி இருக்கும்."

மடியில் நடக்கும் கச்சேரி எதிர்வீட்டுப் பங்காளிக்குக் கிடையாது என்பதே போதுமானதாக இருந்தது.

அரக்கோணம் ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. அவர்களிடம் பழைய வால்வு செட் ஒன்று இருந்தது. பெட்டி தேக்கு மரம், மேலே இசைத்தட்டு சுழலும் மேடை, உள்ளே குட்டிக் குட்டியாக எரியும் கண்ணாடிக் குழல்கள். ராஜவேலு பார்த்த மாத்திரத்தில் சொக்கிப்போனார். ஸ்பீக்கர்கள் எங்கே என்று கேட்டதற்கு அந்த வீட்டம்மாள் கொல்லைப்பக்கம் கை காட்டினாள். இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் கோழிக்கூடாகி வெகுகாலம் ஆகியிருந்தது. உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

ஆக, ஸ்பீக்கர் இல்லாத ஸ்டீரியோ திருத்தணிக்கு வந்து சேர்ந்தது. கூடத்தில் அதற்கு மேஜை போட்டு, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார்கள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து, விளக்கை அணைத்து, வால்வுகள் சிவந்து எரிவதைக் காட்டினார் ராஜவேலு. எல்லோரும் பயபக்தியோடு பார்த்தார்கள்.

"பாடுமாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"பாடும். இதுக்கேத்த ஸ்பீக்கர் பார்த்துகினு இருக்கேன். அவசரப்பட்டு எதையாச்சும் கட்டிவெச்சிட முடியுமா?"

பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர் குரலில்தான் இதைச் சொன்னார். ஊரும் அப்படியே எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு ஜாதகத்தோடு வந்தது.

முதலில் வந்தவர் பரசுராமன். கல்யாணம், கட்சிக் கூட்டம், ஆடிக் கிருத்திகை எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற சவுண்டு சர்வீஸ்காரர். ஒரு பாட்டு பக்கத்து ஊர் கே.ஜி.கண்டிகை வரைக்கும் கேட்டால்தான் அது பாட்டு என்பது அவர் கொள்கை. கூடத்து உத்தரத்தில் இரண்டு குழாய்களைக் கட்டி, ஒரு நாகஸ்வர இசைத்தட்டை வைத்தார். முதல் சுற்றிலேயே சுவரின் காரை உதிர்ந்தது. இரண்டாம் சுற்றில் பக்கத்து வீட்டுப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டது. பாட்டு முடிவதற்குள் மலைக்கு வந்திருந்த வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "காது குத்து எங்கே நடக்குது?" என்று கேட்டுப் பந்தியில் உட்கார இடம் தேடினார்கள். வசந்தி அவர்களுக்கு இட்லி வைத்து அனுப்பினாள்.

அடுத்தபடியாக ராஜவேலுவும் நாகேந்திரனும் ரயிலேறி, ரேடியோ சாமான் விற்கும் மெட்ராஸ் ரிச்சி தெருவுக்குப் போனார்கள். கடைக்காரர் எடுத்த எடுப்பில், "எத்தனை ஓம் வேணும்?" என்று கேட்டார்.

ராஜவேலு சிலிர்த்துப்போனார். இப்படிப்பட்ட கேள்வியை வியாபாரத்தில் அவர் எதிர்பார்க்கவில்லை. "ஓம்ல எத்தனைங்க? எங்க ஊர் முருகனுக்கு ஒரே ஓம்தான்" என்றார் கன்னத்தில் போட்டுக்கொண்டு.

"பாவா, அது கரண்டு கணக்கு" என்று நாகேந்திரன் காதருகே முணுமுணுத்தான். எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டு, கறுப்புத் துணி போர்த்திய பெட்டிகளில், வீடு வந்து சேர்ந்தது.

பெட்டிகளை இடமும் வலமுமாக வைத்து, நடுவில் பிரம்பு நாற்காலி போட்டு, ராஜவேலு கண்ணை மூடி உட்கார்ந்தார். பிடில் கச்சேரி தொடங்கியது. அவர் முகம் கோணியது.

"எடது பொட்டி பாடல."

நாகேந்திரன் இடது பெட்டியில் காதை வைத்துப் பார்த்தான். "பாடுதே பாவா."

"பாடுது, ஆனா ஜீவன் இல்ல. உனக்கு அதெல்லாம் தெரியாது. மாத்தி வை."

இடது பெட்டி வலதுக்கும், வலது பெட்டி இடதுக்கும் போயின. ராஜவேலு மறுபடி கண்ணை மூடினார். இப்போதும் இடது பெட்டி பாடவில்லை. அப்படியானால் செட்டில் கோளாறு என்றார். கம்பிகளை மாற்றிச் சொருகினார்கள். இடது பாடவில்லை. ரிச்சி தெருவுக்கு மறுபடி போய் வேறு ஜோடி வாங்கினார்கள். அதிலும் இடது ஊமை. கடைக்காரர் தன் கடையிலேயே போட்டுக் காட்டி, "நல்லாத்தானே சார் பாடுது?" என்று அழாத குறையாகக் கேட்டார். "நாங்க நூலைத் தொட்டே நம்பர் சொல்ற பரம்பரை. எங்கிட்ட ஏமாத்த முடியாது" என்று சொல்லிவிட்டு வந்தார் ராஜவேலு.

விஷயம் ஊரில் பரவியது. முதலியாருக்கு மகா நுட்பமான காது, மெட்ராஸ் கடைக்காரனுக்கே தெரியாத குறையை உட்கார்ந்த இடத்தில் கண்டுபிடிக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். ஸ்பீக்கரே சரியாகப் பாடாமல் அவர் புகழ் மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்தது.

மலைக்கோயில் மடப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கிற குடும்பத்தைச் சேர்ந்த ஷண்முகசுந்தரம், சாயங்காலம் தன் முறை இல்லாத நாட்களில் காபிக்கு வருவார். பாதி டம்ளர் காலியான பிறகு கருத்துச் சொல்வார்.

"முதலியாரே, தப்பு மரத்துல இருக்கு. வீணை எதுல பண்றா? பலாவில. மிருதங்கம்? அதுவும் பலா. நீங்க ஏதோ மெட்ராஸ் பலகையில வெச்சிண்டு பாடு பாடுன்னா எப்படிப் பாடும்?"

மணவூரில் ஒரு தச்சரைப் பிடித்துப் பலாமரத்தில் பெட்டி செய்தார்கள். அறுத்த மரத்தில் ஈரம் இருந்ததால் கூடம் முழுக்கப் பலாப்பழ வாசனை அடித்தது. சங்கீதத்துக்கு நல்ல சகுனம் என்றார் ஷண்முகசுந்தரம். இடது பாடவில்லை.

அப்போதுதான் ராஜவேலு கடைசி முடிவுக்கு வந்தார். மூடிப்போன டூரிங் கொட்டாய் ஒன்றிலிருந்து, திரைக்குப் பின்னால் வைக்கிற பெரிய ஸ்பீக்கரைப் பரசுராமன் கொண்டுவந்தார். அதற்கேற்ப இடது பெட்டி மட்டும் ஆளுயரத்துக்குச் செய்யப்பட்டது. வலது பெட்டி அதன் காலடியில் குட்டி போட்டது மாதிரி இருந்தது. போதாக்குறைக்குச் செட்டில் இரண்டு பக்கத்துக்கும் சத்தத்தைப் பங்கிடும் குமிழையும் இடது பக்கமாக முழுக்கத் திருகிவைத்தார். இப்போது பெரிய பெட்டி மட்டுமே பாடியது. அதன் எதிரில் உட்கார்ந்த ஷண்முகசுந்தரத்தின் குடுமி ஆடியது.

"எப்பிடி சாமி?"

"ஆஹா" என்றார் ஷண்முகசுந்தரம், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "தேவலோகம்."

"இன்னும் கொஞ்சம் வரணும்" என்றார் ராஜவேலு.

பெட்டி பாடும்போது சமையலறை அலமாரியில் டம்ளர்கள் தாமாக நடந்து விளிம்புக்கு வரும். வசந்தி அவற்றைத் திரும்பத் திரும்ப உள்ளே தள்ளி வைப்பாள்.

ஒரு கிருத்திகை நாள். வசந்தி கூடத்தைக் கழுவிவிட்டுப் பிரம்பு நாற்காலியை வாசல் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தாள். தறி நிறுத்திவிட்டு வந்த ராஜவேலு, இசைத்தட்டை வைத்துவிட்டு, அசதியில் நாற்காலி கிடந்தபடியே உட்கார்ந்து கண்ணை மூடினார். அடுத்த நிமிஷம் கத்தினார்.

"வசந்தி! ஓடியா! பெரிய பொட்டி பேசுதுடி! இன்னிக்குத்தான் வாயத் தொறந்துகினு பேசுது!"

வசந்தி கையில் காபியோடு வந்தாள். பெட்டிகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். எப்போதும் அவருக்கு இடப்பக்கம் இருக்கும் பெரிய பெட்டி இப்போது வலப்பக்கம் இருந்தது. பிறகு போய்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து, அவருடைய இடப்பக்கமாக நின்று சாதாரணக் குரலில் சொன்னாள்.

"காபி ஆறிப்போவுது."

அவர் தலையாட்டிக்கொண்டே பாட்டைக் கேட்டார். அவள் வலப்பக்கம் வந்து அதையே அதே குரலில் சொன்னாள்.

"இரு, இந்த ராகம் முடியட்டும். சத்தத்த ஏன் கொறைச்சே?"

வசந்தி போய்ச் சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். டம்ளர்கள் நடக்கத் தொடங்கின. திரும்பி வந்து தன் உள்ளங்கையால் அவருடைய வலது காதை இறுக்கிப் பொத்தினாள்.

ராஜவேலு கண்ணைத் திறந்தார். "ஏன் நிறுத்திட்டே?" என்றார்.

பெரிய பெட்டி அதிர்ந்துகொண்டிருந்தது. சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. வசந்தி கையை எடுக்கவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பெட்டியின் துணி துடிப்பதைப் பார்த்தார். கையை நீட்டி அந்தத் துணியைத் தொட்டார். அவளுடைய கையை அவராகவே விலக்கினார்.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, பெண்டாட்டி இடப்பக்கம் என்று சொன்னார்கள் என்பதற்காக, பஸ்ஸிலும் கோயிலிலும் பாயிலும் அவருக்கு இடப்பக்கமே இருந்தவள் அவள். எத்தனையோ சொல்லியிருக்கிறாள். அப்பன் செத்த துக்கத்தை ஒரு பஸ் பயணம் முழுக்கச் சொல்லி அழுதிருக்கிறாள். மனுஷன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். கல் நெஞ்சு என்று முடிவு கட்டி, சொல்வதை நிறுத்தி வருஷங்கள் ஆகியிருந்தன.

வேலூரில் காது டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல தறி மோட்டார் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். ராஜவேலு இடது கையைத் தூக்கிக் காட்டினார். இனி அது திரும்பாது, இருக்கிற காதையாவது பஞ்சு வைத்துக் காப்பாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

பஸ் ஷோளிங்கரைத் தாண்டியதும் ராஜவேலு வசந்தி பக்கம் குனிந்தார். "யாருக்கும் சொல்லாதே" என்றார். காது போனதைவிட, போனது தெரிந்துவிடுமே என்பதுதான் அவரை அரித்தது. மறுநாள் தறிக்காரர்கள் எல்லோருக்கும் பஞ்சு கொடுத்தார். நூல் தூசி காதுக்குள் போய்ப் பூச்சி வைக்கும் என்று காரணம் சொன்னார். அவர்களும் நம்பி வைத்துக்கொண்டார்கள்.

அந்த வாரமே சினிமாக் கொட்டாய் ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரிச்சி தெரு ஸ்பீக்கர் இரண்டையும் வலப்பக்கமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். நாகேந்திரன் வந்து பார்த்துத் திகைத்தான்.

"இன்னா பாவா, ரெண்டும் ஒரே பக்கம் இருக்குது?"

"நீ இன்னும் பழைய முறையிலயே இருக்கிறே. ஜெர்மனியில இப்ப எல்லாம் இப்பிடித்தான். ரெண்டு பக்கமும் வெச்சா சத்தம் நடுவுல முட்டிக்கினு சேதாரமாயிடுது. ஒரு பக்கமா வந்தா முழுசா வரும்."

ஷண்முகசுந்தரம் இரண்டாவது டம்ளர் காபிக்குப் பிறகு, கோயிலில்கூட மேளக்காரர்கள் ஒரே பக்கமாகத்தான் நிற்பார்கள் என்று சாஸ்திரம் சொன்னார். எதிர்வீட்டுப் பங்காளி டூ-இன்-ஒன்னைச் சுவர் ஓரமாக நகர்த்தி வைத்தார்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த ஆண்டு ஆடிக் கிருத்திகைக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்ட கமிட்டி, குழாய் கட்டும் விஷயத்தில் முதலியாரின் யோசனையைக் கேட்கும்படி பரசுராமனை அனுப்பியது. ராஜவேலு யோசித்தார். யோசனை சொல்ல மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே! தன் ஜெர்மனி முறைப்படியே எல்லாக் குழாயையும் ஒரே பக்கமாக, கிழக்கே திருப்பிக் கட்டச் சொன்னார். காவடிக் கூட்டம் வந்தது மேற்கிலிருந்து. காணாமல் போனவர்களின் பெயரைப் பரசுராமன் மைக்கில் தொண்டை கிழியக் கூவினார். கிழக்கே வயலில் நாற்று நட்டவர்களுக்கு அது தெளிவாகக் கேட்டது. கூட்டத்தில் தவறிப்போன ஒரு மாமியார் பந்தலுக்குப் பின்பக்கமே பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்து, தன்னை யாருமே தேடவில்லை என்று கோபித்துக்கொண்டு தனியாக ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"சத்தத்த காத்து அடிச்சிகினு போயிடுச்சு" என்றார் ராஜவேலு. கமிட்டியும் அப்படியே எழுதி முடித்துக்கொண்டது. அவருடைய காதின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வசந்திக்கு மட்டும்தான் உண்மை தெரியும். அவள் வாக்குக் கொடுத்தபடி வெளியே சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறினால் இப்போது அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்துகொள்கிறாள். பாக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தாள். அப்பன் செத்ததிலிருந்து தொடங்கினாள். அதற்கு ராஜவேலு ஜன்னலைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மாமியார் கதை வந்தது, நாத்தனார் கதை வந்தது, கல்யாணத்தில் மாற்றிவைத்த புடவையின் கதை வந்தது. அம்மையார்குப்பம் திருப்பத்தில் அவர் மெல்ல யோசனையில் ஆழ்ந்தவர்போல் கண்ணை மூடினார்.

"நடிக்காதீங்க" என்றாள் வசந்தி. "இந்தப் பக்கம் நல்லாக் கேக்கும். டாக்டரே சொன்னாரு."